பூட் மெனுவில் பழைய கர்னல்கள்: வாசகர் கேள்விகள்

கே: உபுண்டு லினக்ஸின் பூட் மெனுவில் ஆறேழு கர்னல் (கணினியை இயக்கும் மைய மென்பொருள்) வரிசைகட்டி நிற்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எதில் திறப்பீர்கள்? முதலில் டெர்மினலில் 'யூநேம் -ஆர்' அடித்து, இப்போது ஓடுவது எது என்று பாருங்கள். அப்புறம், தேவையற்ற பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நீக்கும் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்'. ஓடுவதையும் புதியதையும் அதுவே விட்டுவைக்கும், மெனுவும் சுருங்கும்.

கே: ஃபெடோரா லினக்ஸில்? (நகரி)

மூன்றுக்கு மேல் சேராது. நாலாவது வந்தால் பழையது தானே போய்விடும். சும்மா இருங்கள்.

கே: பூட் பகுதி நிரம்பியதால் ஒரு வீடியோ பார்த்து, பழைய விஎம்லினஸ் (கர்னல்) கோப்புகளை அழித்தேன். இப்போது அப்டேட்டில் பிழை வருகிறது. (பாறசாலை)

என்ன பிழை? அதை எழுதவில்லை. எந்தப் பதிப்பு? அதுவும் இல்லை. இந்த 'பூட் ஃபோல்டருக்குள் போய் டெலீட் செய்' வைத்தியத்தை யார்தான் பரப்புகிறார்களோ! மாதாமாதம் ஒருவர் மாட்டுகிறார். நீங்கள் அழித்த கோப்பு ஒவ்வொன்றும் சுமார் 15 எம்பிதான். இடத்தை அடைப்பது பக்கத்தில் இருக்கும் இன்னிட்ஆர்டி கோப்பு (கணினி திறக்கும்போது கர்னலோடு முதலில் ஏறுவது). அது 70, 100 எம்பிகூடப் போகும். கர்னலின் மாட்யூல்கள் (டிரைவர் போன்றவை) வேறு சில நூறு எம்பி, லிப் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். நிறுவிய பொதிகளைக் கணக்கு வைக்கும் டிபிகேஜியிலோ அந்தக் கர்னல் இன்னும் இருக்கிறது.

சரி, இனி செய்ய வேண்டியது: 'யூநேம் -ஆர்' (ஆமாம், மறுபடியும்). பிறகு 'டிபிகேஜி -எல்' பட்டியலில் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்குபவற்றில், இப்போது ஓடுவதை விட்டுவிட்டு, மிகப் பழையதை முழு எண்ணோடு 'ஆப்ட் பர்ஜ்' செய்யுங்கள். ஆப்ட் முரண்டு பிடித்தால் 'டிபிகேஜி --பர்ஜ்'. அதே எண்ணுள்ள மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பொதியையும் சேர்த்தே கொடுங்கள், இல்லையென்றால் அது இதைச் சார்ந்தது என்று தடுக்கும். இடம் கிடைத்ததும் பாதியில் நின்றதை முடிக்க 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்', கடைசியில் மெனுவைப் புதுப்பிக்க 'அப்டேட்-க்ரப்'. மழை நாளில் இன்வெர்ட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். இன்னிட்ஆர்டி எழுதும்போது கரண்ட் போனால் அடுத்த கடிதமும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

கே: புதிய கர்னலில் வைஃபை இல்லை, பழையதில் இருக்கிறது. (செங்கோட்டை)

அப்படியானால் பழையதுதான் உங்களுக்குத் தேவையான கர்னல். பூட் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாக அதில் திறந்து, 'யூநேம் -ஆர்' பார்த்து, அந்தப் பொதிகளை 'ஆப்ட்-மார்க் மேனுவல்' செய்துவிடுங்கள். ஆட்டோரிமூவ் தொடாது.

கே: எங்கள் தமிழ் வழிப் பள்ளி லேப்டாப்களில் கேரளப் பள்ளிகளுக்கான கைட் லினக்ஸ். இதே முறையா? (மூணாறு, ஆசிரியை)

அதுவும் உபுண்டு வழி வந்ததுதான், இதே கட்டளைகள். ஆனால் பள்ளிச் சொத்து. எஸ்ஐடிசியிடம் (பள்ளி ஐடி ஒருங்கிணைப்பாளரிடம்) ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் டீச்சர். ஒரு லேப்டாப்பில் முதலில் பாருங்கள்.

கே: விண்டோஸ் வரியையும் நீக்கலாமா? (குப்பம்)

அது கர்னல் இல்லை. மெனுவில் மட்டும் மறைய, க்ரப் (பூட் மெனு காட்டும் நிரல்) அமைப்புக் கோப்பில், வேறு ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபரை முடக்கி 'அப்டேட்-க்ரப்' ஓட்டுங்கள். விண்டோஸ் வட்டில் பத்திரமாக இருக்கும்.