பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்க்கலாமா?

திருநெல்வேலிச் சீமையில் மின்கம்பி எட்டாத தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் சோலார் அமைத்துக் கொடுப்பது என் தொழில். பேட்டரி பற்றி என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

திசையன்விளை: அண்ணாச்சி, தேரிக்காட்டுத் தோட்டத்தில் 24 வோல்ட் சோலார் ஓடுகிறது. 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணிக் கொள்ளளவு) டியூபுலர் ஈய பேட்டரி இரண்டு. வாங்கி ஐந்து வருடம். ஒன்று படுத்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது தம்பி. இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

24 வோல்ட்டுக்காக ஒன்றின் பிளஸை மற்றதின் மைனஸோடு கோத்திருக்கும் இந்தத் தொடரிணைப்பில் இரண்டு பேட்டரி வழியாகவும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓடும். நீங்கள் நல்லது என்று வைத்திருக்கும் பழையதில் இப்போது 90 ஏ.எச். மட்டுமே கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் எடுத்தால் ஒன்பது மணி நேரத்தில் அது வற்றிவிடும். புதியதில் இன்னும் 60 மிச்சமிருக்கும். அந்த நேரத்தில் புதியது 12 வோல்ட்டிலும் பழையது 9.2 வோல்ட்டிலும் நின்றால் மொத்தம் 21.2. மொத்தம் 21 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் இன்வெர்ட்டர் நிற்கும் என்றால், ஒரு பேட்டரி செத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. அது பழையதை மேலும் பிழிந்துகொண்டே இருக்கும்.

பகலில் சார்ஜ் ஏறும்போது புதியதற்குக் கேடு. உள்தடை கூடிப்போன பழையதில் வோல்ட் முந்தி ஏறிவிடும். அது 15.6-க்குப் போய்க் கொதிக்கும்போது புதியது 13.2-ல் நிற்கும். இரண்டும் சேர்ந்து 28.8 என்றவுடன், நிரம்பிவிட்டது என்று, சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். இப்படித் தினமும் அரைவயிற்றோடு கிடக்கும் புதிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தவறைச் செய்தேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு வாழைத்தோட்டத்தில், செலவு குறையட்டும் என்று நான்கு பேட்டரியில் ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். பத்தாம் மாதம் கூப்பிட்டு அனுப்பினார்கள். புதியதின் மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் உறிஞ்சிப் பார்த்தால் மிதவை எழும்பவே இல்லை; ஆறு அறையிலும் அடர்த்தி 1.150-க்குக் கீழே, அதாவது சார்ஜே இல்லை. பக்கத்திலிருந்த பழையதில் தண்ணீர் தகடு தெரியும் அளவுக்கு வற்றிக் கிடந்தது. தோட்டக்காரர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வாழைத்தார் விற்ற பணத்தில் வாங்கியது அது. இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

முக்கூடல்: எங்கள் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ராத்திரி பீடி சுற்ற வெளிச்சம் பற்றவில்லை. எட்டு மாதம் ஆன பேட்டரியோடு இன்னொன்று சேர்க்கலாம் என்கிறான் மகன். சரிதானா?

சரிதான் அக்கா. ஒரு வருடத்துக்குள் என்றால் சேர்க்கலாம். ஆனால் அதே கம்பெனி, அதே வகை, அதே ஏ.எச். ஆக இருக்கவேண்டும். இரண்டையும் தனித்தனியே முழுக்க சார்ஜ் செய்து, ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்க்கும் பக்க இணைப்பில் போடலாம். பிளஸ் கம்பியை ஒரு பேட்டரியிலிருந்தும் மைனஸ் கம்பியை மற்றதிலிருந்தும் எடுக்கவேண்டும்; அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் கட்டாயம்.

களக்காடு: பழைய பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? மீட்டரில் 12.7 காட்டுகிறது.

சும்மா கிடக்கும்போது காட்டும் வோல்ட்டை நம்பாதீர்கள். முழுக்க சார்ஜ் ஏற்றி, வண்டியின் 12 வோல்ட், 60 வாட் ஹெட்லைட் பல்பை அதில் மாட்டி ஐந்து மணி நேரம் எரியவிடுங்கள். 5 ஆம்பியர் வீதம் 25 ஏ.எச். செலவாகும், 150 ஏ.எச். பேட்டரிக்கு அது ஆறில் ஒரு பங்குதான். அதற்கே, பல்பு எரியும்போது 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதை எதனோடும் சேர்க்காதீர்கள்.

பணகுடி: தாமிரபரணித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, பேட்டரிக்கு ஊற்றினால் என்ன?

குடிக்க அருமையான தண்ணீர், பேட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது.

அம்பாசமுத்திரம்: பழைய டியூபுலரோடு லித்தியம் பேட்டரி ஒன்றைச் சேர்க்கலாமா?

நேரடியாகச் சேர்க்காதீர்கள். நிரம்பி ஓய்ந்திருக்கும்போது ஈய பேட்டரி 12.7 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் சுமார் 13.3. சார்ஜ் ஏற்றும் முறையும் வேறு. வற்றிய ஈய பேட்டரியோடு சேர்த்தால் லித்தியத்திலிருந்து மின்னோட்டம் குபீரென்று பாயும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பையே துண்டித்துவிடலாம்.

வள்ளியூர்: அப்படியானால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடவேண்டியதுதானா?

வேண்டாம். மேலே சொன்ன பல்பு சோதனையில் தேறாவிட்டாலும், கொஞ்சம் உயிர் இருந்தால் மாட்டுத்தொழுவத்துக்கு 100 வாட் பேனல் ஒன்றும் சிறிய கன்ட்ரோலரும் தனியாக வைத்து அதில் மாட்டுங்கள். இரண்டு எல்.இ.டி. விளக்குகள் விடிய விடிய எரியும். அதற்கும் ஆகாது என்றால் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022 முதல் உள்ள பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. ஈயத்துக்காக வீட்டு முற்றத்தில் உடைப்பவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆசிட்டைக் கால்வாயில்தான் கொட்டுகிறார்கள். அதே தண்ணீரில்தான் நம் பிள்ளைகள் குளிக்கிறார்கள்.