கடல் கடந்து வரும் விதைகளும் வன்னி மண்ணும்

கேள்வி: ஜேர்மனியில் அக்கா வீட்டு முற்றத்தில் வருஷா வருஷம் நீலமாகப் பூக்கும் சென்டோரியா மொன்டானாவை இங்கேயும் வைக்க ஆசை. வேர்த்துண்டு அனுப்பட்டோ என்று கேட்கிறா. வருமா? (கிளிநொச்சி)

வராது. அது ஐரோப்பிய மலைச்சாரல்களின் செடி. பனிக்காலத்தில் மேலே கருகி, வேர் மண்ணுக்குள் உறங்கி, குளிர் விட்டதும் துளிர்க்கும். அந்த உறக்கம் இல்லாமல் அது பல வருஷம் நிலைக்காது. நமக்கு மார்கழி இரவிலும் 20 பாகைக்குக் கீழே போவது அரிது. கோடையில் 35ஐத் தொடும். முளைத்தாலும் சோளகக் காற்று முடியுமுன் பட்டுவிடும். அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நான் முல்லைத்தீவு, இப்போது ரொறன்ரோவில். இதே செடி பூத்து முடிந்ததும் நடுவில் பிளந்து சரிந்து கிடக்கிறது. உரம் போதாதா?

உரம் கூடிவிட்டது. வளம் குறைந்த மண்ணில்தான் அது நிமிர்ந்து நிற்கும். முதற்பூ முடிந்ததும் தண்டுகளை அடியோடு வெட்டிவிடுங்கள். புது இலை வரும், பெரும்பாலும் மறுபடி பூக்கும். விதை விழவிட்டால் பாத்தி முழுக்க முளைக்கும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கிளப்பி, வேரோடு பிரித்து நடுங்கள். அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது.

கேள்வி: செடி மஞ்சளாகுது, என்ன மருந்து அடிக்கலாம்?

எந்தச் செடி? செம்மண்ணா, மணலா? சாடியா, நிலமா? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன சொல்ல? விபரத்தோடு எழுதுங்கள். அதுவரை எதையும் அடிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா கனடாவிலிருந்து வரும்போது பூ விதைப் பைக்கற்றுகள் கொண்டு வாறார். சின்னப் பைக்கற்றுத்தானே, யார் பார்க்கப் போகினம்? (வவுனியா)

வவுனியாவிலிருந்தா இந்தக் கேள்வி? பார்த்தீனியம் என்ற களை இந்த நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்டதே உங்கள் ஊரில்தான், 1999இல். இந்தியப் படைக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்தது என்று சொல்வார்கள். வந்த வழி எதுவானாலும், இன்று வயல் வரம்பிலும் றோட்டுக் கரையிலும் நிற்கிறது. தொட்டால் பலருக்குத் தோல் தடிக்கும், சிலருக்கு இழுப்பு வரும், மாடு தின்றால் பால் கசக்கும். ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். ஒருவரும் அதை வளர்க்க நினைக்கவில்லை, ஆனாலும் வந்தது.

அண்ணா இருக்கும் கனடாவிலும் இதே கதைதான். ஐரோப்பாவிலிருந்து போன புள்ளிச் சென்டோரியா என்ற களை, அக்காவின் செடிக்கு இனம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்து, இன்றும் அரசு அதோடு மல்லுக்கட்டுகிறது. சென்டோரியாவும் பார்த்தீனியமும் சூரியகாந்திக் குடும்பம். ஒன்று அழகு, மற்றது களை என்று பைக்கற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேர்த்துண்டென்றால் அதோடு ஒட்டிய மண்ணில் புழுவும் பூஞ்சணமும் சேர்ந்தே வரும்.

சட்டமும் இருக்கிறது: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம். அனுமதி எடுத்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் காட்டித்தான் கொண்டு வரவேண்டும். சின்னப் பைக்கற்று என்று யாரும் எனக்கு இனி எழுத வேண்டாம்.

கேள்வி: அப்படியென்றால் நீலப் பூவுக்கு என்ன செய்வது? (மாங்குளம்)

காக்கணான் இருக்கிறதே! விதையை ஓர் இரவு ஊறவைத்து, வேலியோரம் ஊன்றுங்கள். வேர் பிடித்தால் கோடையையும் தாங்கும், மண்ணுக்கும் நல்லது. இரட்டை இதழ் நீலத்தை ஒருமுறை பார்த்தால் அக்காவின் சென்டோரியா நினைவுக்கு வராது.

கேள்வி: பட்டிப்பூ மாரியில் அழுகிப் போகிறது. (ஒட்டுசுட்டான்)

அடியில் தண்ணீர் நிற்கிறது. பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள், சாடியென்றால் ஓட்டை அடைபட்டிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மாட்டெரு போட்ட பூப்பாத்தியில் செவ்வந்தி இலைபோல ஒரு செடி நிறைய முளைக்கிறது. விட்டால் பூக்குமா? (நெடுங்கேணி)

பூக்கும், சின்ன வெள்ளைப் பூவாக. அது பெரும்பாலும் பார்த்தீனியம். பூக்குமுன், மழை பெய்து மண் நனைந்திருக்கும்போது, கையுறை போட்டு, முழுக்கைச் சட்டையோடு வேரோடு பிடுங்குங்கள். பிள்ளைகளை விட்டுப் பிடுங்க வைக்க வேண்டாம். அந்த எருவை வேறு பாத்திக்குப் போடாதீர்கள். ஒரு செடியைக் கொண்டுபோய் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், பொலித்தீன் பைக்குள் வைத்துக் கட்டி.