1817-இல் பிரசவத்தை அடுத்து இறந்த பிரிட்டிஷ் இளவரசி சார்லட்டின் மரணத்துக்கு, பிரசவம் பார்த்த மருத்துவர் கிராஃப்ட்தான் காரணமா? இளவரசி பிழைத்திருந்தால் விக்டோரியா அரசியாகியிருப்பாரா?

முதல் கேள்விக்கு என் பதில்: கிராஃப்ட் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பிரசவம் நடந்த வீட்டில் கூடியிருந்த மருத்துவர்கள் அனைவரும் தம் காலத்தின் பாடத்தைப் பிசகாமல் பின்பற்றினார்கள். அந்தப் பாடம்தான் பிழையாக இருந்தது. இரண்டாவது கேள்விக்கு: விக்டோரியா பிறந்திருக்கலாம், ஆனால் அரியணை ஏறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வரலாறு எனக்குத் தொழில் அன்று. அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், 1817 நவம்பரில் நடந்ததைச் சற்று விரிவாகவும் அரச வம்சக் கணக்கைச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

அதற்கு முன், சார்லட்டை அவருடைய மரணத்தை வைத்து மட்டுமே பேசுவது எனக்கு எப்போதும் உறுத்தலாக இருப்பதால், அவர் வாழ்ந்த இருபத்தோரு ஆண்டுகளைப் பற்றிச் சில சொற்கள். தந்தை, பிற்காலத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர். தாய், ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நாட்டிலிருந்து வந்த கரோலின். மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற பெண்ணை 1785-இல் இரகசியமாக மணந்திருந்த இளவரசர், சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது என்பதாலும் தலைக்கு மேல் கடன் ஏறியிருந்ததாலும், 1795-இல் கரோலினை மணக்க ஒப்புக்கொண்டார். மணநாளன்று அவர் குடிபோதையில் இருந்தார். 1796 ஜனவரி 7-ஆம் தேதி லண்டன் கார்ல்டன் மாளிகையில் சார்லட் பிறந்தார். மூன்றாம் நாள் தந்தை ஓர் உயில் எழுதி, தன் சொத்து முழுவதையும் மரியாவுக்கும், பிள்ளை பெற்றுக் கட்டிலில் கிடந்த மனைவிக்கு ஒரே ஒரு ஷில்லிங்கும் ஒதுக்கினார். அந்தக் கணவன் மனைவிக்கு அதன் பிறகு வேறு குழந்தை பிறக்கவில்லை.

ஆகவே சார்லட் வளர்ந்தது தாய் ஒரு வீடு, தந்தை ஒரு வீடு, தனக்கு ஒரு வீடு என்ற நிலையில், ஊதியம் பெறும் சீமாட்டிகளின் கண்காணிப்பில். தாயைச் சந்திப்பதற்கும் தந்தையின் அனுமதி வேண்டும். குதிரையேற்றத்தில் கெட்டிக்காரர், பியானோ நன்றாக வாசிப்பார், சத்தமாகச் சிரிப்பார், சட்டென்று கோபப்படுவார். தாத்தா மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றியதால் 1811-இல் தந்தை ஆட்சிப் பொறுப்பாளரானபோது, அரியணைக்கு அடுத்தடுத்த வரிசையில் தந்தையும் மகளும் நின்றார்கள். மக்களுக்குத் தந்தையைப் பிடிக்கவில்லை, மகளைப் பிடித்திருந்தது. அவர் அதை மறக்கவும் இல்லை, மகளை மன்னிக்கவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சார்லட்டின் குணம் முழுவதும் வெளிப்பட்டது 1814-இல். நெதர்லாந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியமுக்கு அவரை மணமுடிக்கத் தந்தை ஏற்பாடு செய்திருந்தார். முதலில் சம்மதித்த சார்லட், மணமான பிறகு அயல்நாட்டில் குடியிருக்க நேரும் என்று தெரிந்ததும், தன் விருப்பமின்றித் தன்னை நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்தார். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை. தன் தாய்க்கு நம் வீட்டில் எப்போதும் இடம் உண்டா என்று வில்லியமிடம் கேட்டார். அவர் மறுத்ததும் நிச்சயதார்த்தத்தை முறித்துவிட்டார். ஜூலை 12 அன்று தந்தை நேரில் வந்து, வீட்டுப் பணியாளர் அனைவரையும் நீக்குவதாகவும், மகளை விண்ட்சருக்கு அருகே ஒரு வீட்டில் தனியே வைக்கப்போவதாகவும் அறிவித்தார். வார்விக் மாளிகையிலிருந்து சார்லட் தெருவுக்கு ஓடினார். வாடகை வண்டியை எப்படி அழைப்பது என்றுகூடத் தெரியாத பதினெட்டு வயதுப் பெண்ணின் தவிப்பைச் சன்னல் வழியே பார்த்த ஒருவர் இறங்கி வந்து வண்டி பிடித்துக் கொடுக்க, அவர் தாய் வீடு போய்ச் சேர்ந்தார்.

இரவு முழுவதும் உறவினர்களும் அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் வந்து வாதாடினார்கள். விடியற்காலையில் ஹென்ரி புரூம் என்ற வழக்கறிஞர் அவரைச் சன்னலருகே அழைத்துச் சென்று, இன்னும் சில மணி நேரத்தில் தேர்தலுக்காக இங்கே கூட்டம் நிரம்பிவிடும், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மக்கள் உங்கள் பக்கம் எழுவார்கள், ஆனால் இரத்தம் சிந்தும், அந்தப் பழி உங்களை விடாது என்று சொன்னதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். சார்லட் திரும்பிப் போகச் சம்மதித்தார். ஆனால் ஆரஞ்சு இளவரசரை ஒருபோதும் மணக்கப்போவதில்லை என்ற தன் உறுதியை எழுத்தில் பதிவு செய்த பிறகே கிளம்பினார். காலம் பார்த்துப் பணிந்து, காரியத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தைத்தான், விளையாட்டுப் பெண் என்று அவரை எழுதுபவர்கள் கவனிப்பதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தாமே விரும்பிய, ஜெர்மனியின் சாக்ஸ்-கோபர்க் நாட்டு இளவரசர் லியோபோல்டை மணந்தார். ரஷ்யப் படையில் பணியாற்றிய லியோபோல்டிடம் நல்ல பெயரும் அழகும் இருந்தன, காசு இல்லை. 1816 மே 2 அன்று நடந்த திருமணத்தில், என் உடைமைகள் அனைத்தையும் உனக்கு அளிக்கிறேன் என்ற வழக்கமான உறுதிமொழியை அவர் சொன்னபோது மணமகள் களுக்கென்று சிரித்துவிட்டார். பிறகு சர்ரேயில் ஈஷர் அருகே உள்ள கிளேர்மான்ட் மாளிகையில் குடித்தனம். மனைவி படபடக்கும்போதெல்லாம் “மெல்ல, கண்ணே” என்று கணவர் பிரெஞ்சில் சொல்லுவார். அதையே அவருக்குப் பட்டப்பெயராக்கி அவரைக் கேலி செய்தார் சார்லட். கிளேர்மான்ட் வாழ்க்கை மொத்தமே சுமார் ஒன்றேகால் ஆண்டு.

இப்போது பிரசவத்துக்கு வருகிறேன். 1817 ஏப்ரல் இறுதியில் கர்ப்பம் உறுதியானது; அதற்கு முன் கரு கலைந்திருந்தது. பொறுப்பேற்ற சர் ரிச்சர்ட் கிராஃப்ட், உயர்குடிப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பதில் லண்டனில் பெயர் பெற்றவர். அக்காலத்தில் அத்துறையின் மேதை எனக் கருதப்பட்ட தாமஸ் டென்மனின் மருமகன். ஆகஸ்டு முதல் அவர் இளவரசியின் உணவைக் குறைத்தார். அவ்வப்போது நரம்பைக் கீறி இரத்தமும் எடுக்கச் செய்தார். குழந்தை பெரிதாக வளர்ந்துவிடக் கூடாது என்பது கணக்கு. எங்கள் வார்டில் கர்ப்பிணிகளிடம் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள் என்று மன்றாடிய எனக்கு, பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் ஒரு பெண்ணிடமிருந்து வேண்டுமென்றே இரத்தத்தை வடித்தார்கள் என்று முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைக்கத் தோன்றியது. லியோபோல்டின் சொந்த மருத்துவரான ஸ்டாக்மர் இந்த முறையைச் சரியெனக் கருதவில்லை. ஆயினும் அயல்நாட்டான் தலையிட்டால் பின்னர் பழி தன்மேல் விழும் என்று அஞ்சி ஒதுங்கியே நின்றார்.

எதிர்பார்த்த தேதி அக்டோபர் 19. அது கடந்து, நவம்பர் 3, திங்கள் மாலை ஏழு மணியளவில் வலி தொடங்கியது. அரியணை வாரிசின் பிறப்புக்குச் சாட்சியாக இருக்க வேண்டிய அமைச்சர்களும் பேராயரும் வந்து அடுத்த அறையில் காத்திருந்தார்கள். கர்ப்பவாய் முழுமையாகத் திறக்க ஏறக்குறைய இருபத்தாறு மணி நேரம் ஆனது. தலைப்பிரசவத்தில் அது நீண்டதுதான், ஆனால் கேள்விப்படாதது அன்று. அதற்குப் பிறகு குழந்தை வெளியே வர எடுத்த நேரம்தான் பயங்கரம்: இருபத்து நான்கு மணி நேரம். இன்றைய பிரசவ அறையில் கர்ப்பவாய் முழுதாகத் திறந்து இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தலை இறங்கவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிடு, ஆயுதம் (குழந்தையின் தலையைப் பற்றி இழுக்கும் இடுக்கி) போடுவதா அறுவை செய்வதா என்று முடிவு செய் என்பதுதான் எங்களுக்கு மனப்பாடமான ஒழுங்கு. அன்றைக்கு அறுவை என்பது தாயைக் கொல்வதற்குச் சமம். ஆனால் ஆயுதம் இருந்தது. ஆயுதம் போடும் வசதியோடு ஜான் சிம்ஸ் என்ற மருத்துவரைப் புதன் விடியுமுன்பே வரவழைத்தும் இருந்தார்கள். அவரை இளவரசியின் அறைக்குள் விடவே இல்லை.

ஏன் என்றால், டென்மனின் போதனை அப்படி. முந்தைய தலைமுறையில் அவசரக்காரர்கள் கண்டபடி ஆயுதம் போட்டுத் தாயையும் சேயையும் கிழித்ததைப் பார்த்து, இயற்கை தன் வேலையை முடிக்கும்வரை காத்திரு, கை வைக்காதே என்று அவர் கற்பித்தார். அது நல்ல நோக்கத்தில் பிறந்த விதி. மருமகனோ அதை மாமனாரின் கட்டளையாகவே எடுத்துக்கொண்டார். உடனிருந்த மருத்துவர் மாத்யூ பெய்லி மணந்திருந்ததும் டென்மனின் இன்னொரு மகளைத்தான். கருத்து கேட்கக் கூடியிருந்தவர்களில் இருவர் ஒரே குடும்பத்து மருமகன்கள் என்றால், மாற்றுக் கருத்து எங்கிருந்து வரும்?

புதன் பகலில் கரும்பச்சை நிறத்தில் நீர் வடியத் தொடங்கியது. வயிற்றுக்குள்ளேயே குழந்தை மலம் கழித்துவிட்டது, மூச்சுக்குத் திணறுகிறது என்பதன் அடையாளம் அது. நவம்பர் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது பவுண்டு எடையுள்ள ஆண் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. வெந்நீரில் அமிழ்த்தியும் கடுகு தேய்த்தும் முயன்றார்கள், பயனில்லை. அடுத்த அறையில் இருந்த பெரியவர்களிடம் சடலத்தைக் காட்டினார்கள். சார்லட் செய்தியைக் கேட்டு அழாமல், கடவுள் சித்தம் என்று சொல்லி, சோர்ந்துபோயிருந்த மற்றவர்களைத் தேற்றினார்.

நஞ்சுக்கொடி தானாக வரவில்லை. கருப்பை நடுவில் இறுக்கிப் பிடித்திருந்ததால் கிராஃப்ட் கைவிட்டு எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு எல்லாம் சரியாகிவிட்டதாக நம்பி, இளவரசி சிறிது ஆகாரம் உட்கொண்டார். இரண்டு நாள் கண் மூடாத லியோபோல்ட் தூக்க மருந்து குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். நான் இளைய செவிலியர்களுக்கு ஓயாமல் சொன்ன பாடம் ஒன்று உண்டு: குழந்தை வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணாதே, அடுத்த இரண்டு மணி நேரம் உன் கை தாயின் அடிவயிற்றில் இருக்கட்டும். கருப்பை தொப்புளுக்குக் கீழே கல் போல இறுகி நிற்க வேண்டும். அது தளர்ந்து மேலே எழும்பினால், வெளியே துளிகூடத் தெரியாவிட்டாலும் உள்ளே இரத்தம் நிரம்புகிறது என்று பொருள். நள்ளிரவுக்குப் பிறகு சார்லட்டுக்கு வாந்தி, வயிற்று வலி, காதில் இரைச்சல், உடல் சில்லிட்டது, மூச்சு வாங்கியது. ஒயினும் பிராந்தியும் கொடுத்தார்கள். கடைசியில் அழைக்கப்பட்ட ஸ்டாக்மரின் கையைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் என்னைப் போதையேற்றிவிட்டார்கள் என்றார். நவம்பர் 6 அதிகாலை இரண்டரை மணிக்கு உயிர் பிரிந்தது. உடலைத் திறந்து பார்த்தபோது கருப்பை தொப்புள்வரை எழும்பியிருந்தது. அதனுள் கணிசமான இரத்தம் தேங்கியிருந்தது. வேறு நோய்களைக் காரணமாகச் சொல்லும் கருத்துகளும் உண்டு. என்னைக் கேட்டால், உள்ளே பெருகிய இரத்தப்போக்கே காரணம் என்று சொல்ல இந்த ஒரு வரி போதும். லண்டனில், அடுத்த ஆண்டு டிசம்பரில்தான் ஜேம்ஸ் பிளண்டல் என்ற மருத்துவர் மனிதரிடமிருந்து மனிதருக்கு இரத்தம் ஏற்றும் முயற்சியைத் தொடங்கினார்; பின்னாளில் பேறுகால இரத்தப்போக்கில் சாகக் கிடந்த ஒரு பெண்ணை அதனால் பிழைக்கவும் வைத்தார்.

நாடே துக்கம் கடைப்பிடித்தது. கறுப்புத் துணி கடைகளில் தீர்ந்துபோனது; ஏழைகள் கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள்; இறுதிச் சடங்கு நாளில் சூதாட்ட விடுதிகள்கூட மூடிக் கிடந்தன. வண்ண நாடா நெய்பவர்கள் மட்டும், துக்க காலத்தைக் குறைக்காவிட்டால் திவாலாகிவிடுவோம் என்று அரசுக்கு விண்ணப்பித்தார்கள். இத்தாலியில் இருந்த தாய்க்கு முறைப்படி யாரும் சொல்லி அனுப்பவில்லை. வழியில் போன ஒரு தூதன் மூலம் தற்செயலாகத் தெரிந்துகொண்டு மயங்கி விழுந்தார். கிராஃப்டை ஆட்சிப் பொறுப்பாளர் குறை சொல்லவில்லை, ஊரார் சொன்னார்கள். 1818 பிப்ரவரியில், வேறொரு பெண்ணின் கடினமான பிரசவத்தைக் கவனிக்கப் போயிருந்த வீட்டிலேயே அவர் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். கண்மூடித்தனமான மருத்துவர் என்று அவரைச் சொல்லலாம். அக்கறையற்ற மருத்துவர் என்று சொல்ல என்னால் முடியாது.

இனி விக்டோரியா. 1817-இல் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உயிரோடு இருந்தும், சட்டப்படியான பேரப்பிள்ளை ஒன்றுகூட மிஞ்சவில்லை. நடுவயது கடந்த இளவரசர்கள் அவசரமாக மணமுடிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் கென்ட் கோமகன் மணந்தது லியோபோல்டின் விதவைச் சகோதரியை. இதில் பலர் தவறவிடும் செய்தி, அந்தச் சம்பந்தத்துக்கு 1816-லேயே அடி போட்டவர் சார்லட்தான் என்பது. அப்போது தயங்கிய பெண், சார்லட் இறந்த பிறகே சம்மதித்தார். 1819 மே 24 அன்று பிறந்த அவர்கள் மகளுக்கு வைக்க நினைத்திருந்த பெயர்களில் சார்லட்டும் ஒன்று. ஞானஸ்நானத்தின்போது ஆட்சிப் பொறுப்பாளர் அதை அனுமதிக்கவில்லை.

சார்லட் பிழைத்திருந்தால், 1830-இல் தந்தை இறந்ததும் தம் முப்பத்து நான்காவது வயதில் அரசியாகியிருப்பார். விக்டோரியா, ஒருவேளை பிறந்திருந்தால், அரசியின் சித்தப்பா மகளாக இருந்திருப்பார். சார்லட்டுக்குப் பிள்ளைகள் இல்லாமல் போயிருந்தால் மட்டுமே முறை அவருக்கு வந்திருக்கும். லியோபோல்டும் 1831-இல் பெல்ஜியத்தின் மன்னராகப் போயிருக்க மாட்டார், அந்த நாடு வேறொரு மன்னரைத் தேடியிருக்கும்.