மூன்று மாநிலத்து செனட்டர்

கேள்வி: அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் அமெரிக்காவில் மூன்று மாநிலங்களின் செனட்டராக இருந்தவர் என்று சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். பதவிக்காக ஊர் ஊராக அலைந்தவருக்கு இவ்வளவு பாராட்டு தேவையா?

பதில்: அலைந்தார், மறுக்கவில்லை. ஆனால் கடைசிவரை ஜனநாயகக் கட்சிக்காரர். மாற்றியது ஜாகையை, கட்சியை அல்ல.

பதவிக்கு வந்து என்ன செய்தார் என்றும் பார்க்க வேண்டும். 1842-ல் அவர் இல்லினாய் மாநிலத்தின் தலைமைக் கணக்கதிகாரி. ஸ்டேட் பேங்க் நொடித்து, அதன் நோட்டுகள் மதிப்பிழந்து கிடந்தன. குடியானவர் கையில் இருந்ததோ அந்த நோட்டுதான். வரியை அதில் வாங்க முடியாது, தங்கமோ வெள்ளியோ கொண்டு வா என்றார் ஷீல்ட்ஸ். கஜானாவுக்குப் பொறுப்பானவர் வேறென்ன சொல்வார்? எதிர்க்கட்சியான விக் கட்சியின் வக்கீல் ஒருவர், 'ரெபெக்கா' என்ற கிராமத்துப் பெண் எழுதுவதுபோலப் பத்திரிகையில் அவரைக் கிழித்தார். முட்டாள், பொய்யன் என்றதோடு, பெண்களிடம் ஷீல்ட்ஸ் குழைவதையும் விடவில்லை. அந்த வக்கீல் ஆபிரகாம் லிங்கன்!

ஷீல்ட்ஸ் லிங்கனை ஒற்றைக்கு ஒற்றை ஆயுதச் சண்டைக்கு ('டூயல்') அழைத்தார். அழைக்கப்பட்டவர் என்பதால் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுடையது. குதிரைப்படையின் நீள வாள், நடுவில் யாரும் தாண்டக்கூடாத ஒரு பலகை என்றார். ஆறடி நான்கு அங்குலக்காரர். எதிராளி அரை அடிக்கு மேல் குள்ளம். விஷமம்தான்! மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி மிசௌரி பக்கம் போய் நின்ற பிறகு நண்பர்கள் சமாதானம் செய்துவைத்தார்கள். அதே லிங்கன் ஜனாதிபதியானதும் 1861-ல் ஷீல்ட்ஸைப் படைத்தளபதியாக நியமித்தார்.

1849-ல் செனட்டுக்குப் போனபோது சட்டம் குறுக்கே வந்தது. செனட்டர் ஆவதற்கு ஒன்பது வருடம் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இவர் குடியுரிமை பெற்றது 1840 அக்டோபரில். சில மாதங்கள் குறைகிறது என்று தேர்வு ரத்தானது. ஒன்பது வருடம் நிறைந்ததும் இல்லினாய் சட்டமன்றம் அவரையே மறுபடி அனுப்பியது.

உங்கள் கேள்வியில் நியாயம் இருப்பது அதற்குப் பிந்தைய கதையில். அந்தக் காலத்தில் செனட்டரைத் தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள் அல்லர், மாநில சட்டமன்ற உறுப்பினர்கள். மெக்சிகோ போரில் மார்பில் குண்டு வாங்கிய தளபதி, போகிற இடத்தில் ஐரிஷ்காரர்களின் ஆதரவு. புது ஊரில் இது போதும். மினசோட்டா மாநிலமான 1858-லேயே செனட்டர். புது மாநிலத்தின் செனட்டர்களில் யாருக்கு எவ்வளவு காலம் என்று சீட்டு குலுக்கியதில் இவருக்குக் குறுகிய பதவிக்காலம் விழ, மறு வருடமே வெளியே வந்தார். 1879-ல் மிசௌரிக்கு இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை. ஆக, 'மூன்று மாநிலம்' என்ற கணக்கில் முழுசாகத் தேறுவது இல்லினாய் ஒன்றுதான்.

வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலை தரலாம். 1893-ல் இல்லினாய் முதலில் தந்தது ஷீல்ட்ஸை, லிங்கனை அல்ல. பாராட்டு அதிகம் என்ற புகாரை அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.