புதிய பொருளாதாரக் கொள்கை: தோட்டத் தமிழரை ஏன் எட்டவில்லை? கேள்வி பதில்

மலேசியாவின் புதிய பொருளாதாரக் கொள்கை (1971–1990) பற்றிச் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மலாய்க்காரர்களுக்காக மட்டுமே கொண்டுவந்த திட்டம்தானே இது?

எழுத்தில் அப்படி இல்லை. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு பிரதமர் துன் அப்துல் ரசாக் அரசு கொண்டுவந்த கொள்கைக்கு இரண்டு நோக்கங்கள். ஒன்று, இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது. மற்றொன்று, இன்ன இனம் என்றால் இன்ன தொழில் என்ற நிலையை மாற்றுவது. பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடிகளும்) நிறுவனங்களில் 30 விழுக்காடு பங்குடைமை என்ற இலக்கு இரண்டாவதில் வருகிறது. நாம் எப்போதும் இரண்டாவதைப் பற்றியே சண்டை போடுகிறோம். என்னைக் கேட்டால், இந்தியர்களுக்கு முதலாவது கிடைக்காமல் போனதுதான் பெரிய இழப்பு.

கேள்வி: 30 விழுக்காடு யாரிடமிருந்து பிடுங்கியது?

1970இல் நிறுவனப் பங்குகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கையில். பூமிபுத்ராவிடம் 2.4, இந்தியரிடம் 1 விழுக்காடு அளவு. வெளிநாட்டவர் பங்கை 30க்கு இறக்கி, பூமிபுத்ராவுக்கு 30, மற்ற மலேசியர்களுக்கு 40 என்பதுதான் கணக்கு. பொருளாதாரம் வளர்ந்துகொண்டே இருந்தால் யாரிடமும் பிடுங்க வேண்டியதில்லை என்று நம்பினார்கள்.

கேள்வி: கத்ரி கம்பெனியை ஒரே நாளில் வாங்கினார்களாமே?

உண்மைதான். கத்ரி, மலேசியாவில் பெரிய தோட்டங்களை வைத்திருந்த பிரிட்டிஷ் கம்பெனி. 1981 செப்டம்பர் 7, லண்டன் பங்குச் சந்தை. பிஎன்பி என்ற மலேசிய அரசு முதலீட்டு நிறுவனம், சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் கத்ரியைத் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. கொதித்துப்போன லண்டன்காரர்கள் சந்தை விதிகளையே இறுக்கினார்கள். பதிலுக்குப் பிரதமர் மகாதீர், பிரிட்டிஷ் பொருளைக் கடைசியாக வாங்குங்கள் என்றார்! கதை சுவாரசியம்தான். ஆனால் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தவருக்கு முதலாளி மாறினார், அவ்வளவுதான்.

கேள்வி: தோட்டத் தமிழர்களும் ஏழைகள்தானே? வறுமை ஒழிப்பு ஏன் அங்கே வரவில்லை?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பத்துக்கு (மலாய்க் கிராமத்துக்கு) சாலை, தண்ணீர், மின்சாரம் கொண்டுபோவது அரசின் கிராம மேம்பாட்டு வேலை. தோட்டமோ தனியார் நிலம். அங்கே குழாயும் விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது, நிர்வாகம் செலவைப் பார்த்தது. நிலமில்லாதவர்களுக்கு ஏறக்குறைய பத்து ஏக்கரும் வீடும் கொடுத்த ஃபெல்டா என்ற அரசு நிலத் திட்டத்தின் குடியேற்றங்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள்.

அதற்கு முன்பே இன்னொரு அடி விழுந்திருந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று 1969இல் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே கப்பலேறினார்கள். இருந்தவர்களுக்கும் வீடு வேலையோடு ஒட்டியது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தபோது ஆள் குறைந்தது. அப்புறம் தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மூன்று தலைமுறை அங்கேயே உழைத்த குடும்பத்தின் பெயரில் ஒரு மனைகூட இல்லை. அப்படித்தான் பலர் பட்டணத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி: மைக்கா ஹோல்டிங்ஸ் அதற்கு மாற்று இல்லையா?

அது மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி (ம.இ.கா.) 1982இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். சமுதாயத்திடம் திரட்டியது 100 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், நகையை அடகு வைத்துப் போட்டவர்களும் உண்டு. 2010இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு கொடுத்து முடித்தார்கள். இடைப்பட்ட காலத்து வட்டியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: மொத்தத்தில் வெற்றியா, தோல்வியா?

தீபகற்பத்தில் வறுமை 1970இல் 49.3 விழுக்காடு, 1990இல் சுமார் 15. அதை யாரும் மறுக்க முடியாது. பூமிபுத்ரா பங்குடைமை 1990இல் சுமார் 19 என்றது அரசு. அந்த எண்ணில்தான் வம்பு. அரசு முகமதிப்பில் (பங்கில் குறித்த ஆரம்ப விலையில்) கணக்கிட்டது. சந்தை மதிப்பில் கணக்கிட்ட ஆஸ்லி என்ற ஆய்வு மையத்தின் ஆய்வு 2006இல் சுமார் 45 என்றது. ஆய்வைத் திரும்பப் பெற்றார்கள், அதை நடத்திய லிம் டெக் கீ பதவி விலகினார்.

கேள்வி: 1990இல் முடிந்த கொள்கை என்றால் பூமிபுத்ராவுக்கான வீட்டு விலைக் கழிவு ஏன் இன்னும் இருக்கிறது?

முடிந்தது பெயர்தான். 1991இல் தேசிய மேம்பாட்டுக் கொள்கை என்று பெயர் மாறியது, சலுகைகள் பல அப்படியே தொடர்ந்தன.

கேள்வி: இந்தியர்களான நாம் ஏஎஸ்பி என்ற பிஎன்பியின் முதலீட்டு நிதியில் பணம் போடலாமா?

முடியாது, அது பூமிபுத்ராவுக்கு. அமானா சஹாம் மலேசியா என்ற இன்னொரு நிதி எல்லோருக்கும் உண்டு. ஆனால் நமக்கான ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும், ஒரு முறை கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.