வெறும் பீடமும் கண்ணாடிக் குழாயும்

வாசகர் கடிதம்:

அண்ணாச்சிக்கு வணக்கம். சொடலமாடன் கோயில்ல ஆடுத கணியான் கூத்து பத்தி எழுதினப்போ “ஒன்னுமில்லாத எடந்தான் கூத்துக்கு மொதல்”னு சொல்லியிருந்தீங்க. நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுக்கேன். இன்னைக்கு சயின்ஸ் படி முழு வெற்றிடம்னு ஒன்னு கிடையாது, அதுக்குள்ளயும் ஏதோ நடந்துக்கிட்டேதான் இருக்கு. அப்போ கூத்துலயும் பாஷையிலயும் “ஒன்னுமில்ல”ங்கிறது சும்மா அழகுக்குச் சொல்லுததா?

பதில்:

தம்பி, அழகுக்குச் சொல்லல. நீங்க சொல்லுத சயின்ஸ் சரிதான், சார்ஜ் இல்லாத ரெண்டு உலோகத் தகட்ட வெற்றிடத்துல ரொம்ப நெருக்கமா வச்சா ஒன்னையொன்னு இழுக்கும்னு 1948லயே காசிமிர்ங்கிற விஞ்ஞானி கணக்குப் போட்டுட்டாரு, 1997ல துல்லியமா அளந்தும் பாத்துட்டாங்க. ஆனா அந்தத் தகட்ட வைக்கலைன்னா அங்க நடக்குறது நமக்குத் தெரிஞ்சிருக்குமா? இல்லாதத பாக்கணும்னா மொதல்ல அதுக்கு ஒரு எடம் கட்டணும், நான் சொல்ல வந்தது இதுதான்.

வெற்றிடம் இருக்கா இல்லையான்னு அரிஸ்டாட்டில் காலத்துலேர்ந்து வாயாலயே சண்ட போட்டுக்கிட்டிருந்தாங்க. அத கண்ணால பாக்க வச்சது இத்தாலி விஞ்ஞானி டாரிசெல்லியோட சோதனை. அதுல ஒரு பக்கம் மூடின கண்ணாடிக் குழாய், அதுல ததும்பத் ததும்ப பாதரசம், வெரலால வாயப் பொத்தி பாதரசக் கிண்ணத்துக்குள்ள தலைகீழா நட்டு வெரல எடுத்தா கொஞ்சம் எறங்கி 76 சென்டிமீட்டர் கிட்ட நின்னுபோகுது. மேல இருக்குத எடத்துல காத்து இல்ல. 1644ல இதப் பத்தி லெட்டரே எழுதியிருக்காரு, காத்துக் கடலோட அடியில நாம வாழுதோம்னு.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. சொடலமாடன் கோயில் நெறைய எடத்துல செல கிடையாது, மேல போகப் போகக் குறுகுத பீடம் மட்டுந்தான், மூஞ்சியில்ல கையில்ல. அதுக்கு முன்னால வெறுந்தரையில கூத்து. செட்டு, ஸ்கிரீன் எதுவும் வேண்டாம், முன்னால நின்னு பாடுத அண்ணாவி கைலாசம்னு பாடினா அது கைலாசம், சுடுகாடுன்னு பாடினா சுடுகாடு. மகுடம்ங்கிற தோல்வாத்தியம் ரெண்டும் ஏறிக்கிட்டே போயி ஒரு எடத்துல பட்டுன்னு நிக்கும், சலங்கையும் நிக்கும், அந்த ஒரு மூச்சு நேரம் கூட்டம் மொத்தமும் பீடத்ததான் பாக்கும், சாமியாடிக்கு ஒடம்பு நடுங்க ஆரம்பிக்கிறத நான் அந்த நேரத்துலதான் பாத்திருக்கேன். இப்போ சில கோயில் கொடைத் திருவிழாவுல மகுடம் நின்னவுடனே மைக்செட்டுல பாட்டப் போட்டுடுதாங்க, வயிறு எரியுது தம்பி. சும்மா கெடக்குற நேரம்னு நெனைச்சிக்கிடுதாங்க.

பாஷையிலயும் அப்படித்தான். ஊறுகாய்னு சொல்லுதோம், ஊறின காயா, ஊறுத காயா, இனி ஊறப்போற காயா? காலம் காட்டுற உருபே அதுல இல்ல, மூணு காலமும் அடங்கிருது. “காலம் கரந்த பெயரெச்சம்”னு நன்னூல் சொல்லுது. உருபு வரவேண்டிய எடம்னு ஒன்னு இருக்கப்போய்தான் அது வராததும் நமக்குப் புரியுது. பழைய தமிழ் எண்ணுல 105அ ௱௫ன்னு எழுதுவாங்க, நூறுக்குத் தனி எழுத்து உண்டு, அதனால நடுவுல பூஜ்யத்துக்கு வேலையில்ல. இலக்கத்துக்கு இலக்கம் எடம் ஒதுக்குத முறையிலதான் பூஜ்யம் இல்லாம முடியாது.

உங்க ஸ்கூல்ல வேக்குவம் பம்பும் கண்ணாடி ஜாடியும் இருந்தா பிள்ளைங்களுக்கு ஒன்னு செஞ்சு காட்டுங்க. ராபர்ட் பாயில் 1660ல வெளியிட்ட சோதனைகள்ல ஒன்னு, கடிகாரத்த நூல்ல தொங்கவிட்டு காத்த உறிஞ்சினது. நீங்க எலக்ட்ரிக் பெல்ல வைங்க. காத்து வெளிய போகப் போக சத்தம் தேஞ்சுக்கிட்டே வரும், சுத்தியல் அடிக்கிறது மட்டும் கண்ணுக்குத் தெரியும். லைட்ட கொஞ்சம் கொறச்சு, பெல்லு மேல மட்டும் டார்ச் அடிச்சுக் காட்டுங்க. பிள்ளைங்க என்ன கேட்டாங்கன்னு எனக்கு எழுதுங்க.