பழம்பொருள் அறை: நிலத்துக்குக் கீழேயா, மேல்மாடியிலா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்களிடம் ஓலைச்சுவடிகள், பழைய செப்புக் காசுகள், பானை ஓடுகள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. இவற்றுக்கென்று ஓர் அறை கட்டப் போகிறோம். போரைப் பார்த்த பெரியவர்கள் பங்கர் மாதிரி நிலத்துக்குக் கீழே கட்டச் சொல்கிறார்கள். இளைஞர்களோ வெள்ளத்துக்குப் பயந்து மேல்மாடியில் கட்டச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். தரைத் தளத்தில், தரையை நன்றாக உயர்த்தி, வெளிச்சுவர் படாத நடு அறையாகக் கட்டுங்கள். தலைக்கு மேல் இன்னொரு தளம் இருந்தால் இன்னும் நல்லது.

பெரியவர்களின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களிடம் இனி ஒன்றும் நடக்காது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நிலவறை குண்டைத் தடுக்குமே தவிர தண்ணீரைத் தடுக்காது. பெய்ரூட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தேசிய அருங்காட்சியகம் இரு தரப்பையும் பிரிக்கும் கோட்டிலேயே மாட்டிக்கொண்டது. தொல்லியல் துறைத் தலைவராக இருந்த மொரீஸ் ஷெஹாப் சிறிய பொருட்களை நிலத்துக்குக் கீழிருந்த அடித்தளத்தில் வைத்து, வாசலையே தெரியாமல் கான்கிரீட் சுவர் எழுப்பி அடைத்தார். தரையில் பதித்திருந்த மொசைக் ஓவியங்கள் மேல் பிளாஸ்டிக் விரித்துக் கான்கிரீட் ஊற்றினார். நகர்த்த முடியாத கல் சவப்பேழைகளைச் சுற்றி முதலில் மணல் மூட்டை, அப்புறம் கான்கிரீட் பெட்டி. போர் முடிந்தபோது கட்டடம் சல்லடையாகக் கிடந்தது. பெட்டிக்குள் இருந்த கல் பிழைத்திருந்தது. அடித்தளத்தில் நிலைமை வேறு. நிலத்தடி நீர் ஏறி, காற்றுப் புகாத அறையில் ஆண்டுக்கணக்கில் ஈரம் தேங்கி, உலோகப் பொருட்கள் அரித்துப்போயின. ஷெஹாபைக் குறை சொல்ல மாட்டேன். சுவர் எழுப்பாமல் விட்டிருந்தால் எல்லாம் கொள்ளை போயிருக்கும். ஆனால் யாரும் திறந்து பார்க்க முடியாத அறையில் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பாக்தாத்திலும் இதே கதைதான். ஈராக்கின் பழைய அசீரிய நகரமான நிம்ருத்தில் கிடைத்த தங்க நகைகளை மத்திய வங்கியின் நிலவறையில் வைத்திருந்தார்கள். 2003 போரில் அங்கே தண்ணீர் நிரம்பியது. இறைத்து வெளியேற்றிய பிறகு தங்கம் அப்படியே கிடைத்தது, தங்கமாயிற்றே! வங்கி நிலவறையில் இருந்த தந்தச் சிற்பங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

உங்கள் ஊர் சுண்ணாம்புக்கல் நிலம். மாரி காலத்தில் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நிலவறையிலும் அந்த மட்டத்துக்கு ஏறத்தான் பார்க்கும். இப்போதெல்லாம் மழை ஒரே மூச்சில் கொட்டுகிறது, கடல்மட்டமும் உயர்கிறது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு கூடும். செப்புக்கு உப்பைப் போல எதிரி இல்லை.

மேல்மாடி ஏன் வேண்டாம்? கூரைத் தளம் வெயிலில் கொதித்தால் ஓலை முறுகி உடையும். ஒழுகுவதும் அங்கேதான், ஷெல் முதலில் விழுவதும் அங்கேதான்.

இதுவரை பார்த்த பெரிய வெள்ளத்தின் மட்டத்தைச் சுவரில் குறித்து, அடித்தட்டு அதற்கு மேலே இருக்கும்படி அலுமாரி வையுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பானை ஓடு கீழ்த்தட்டில், காசு நடுவில், சுவடி மேலே. காசுக்கு மட்டும் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். சுவடிக்கு அது ஆகாது, ஓலை வறண்டுவிடும். மரச்சட்டம் வைத்துப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் வரும்.

அறையைவிட முக்கியம் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் எண், அளவு, இரண்டு பக்கப் படம். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு ஊரில், ஒன்று வெளிநாட்டில் இருக்கட்டும். சுவடிகளை மின்னாக்கம் செய்ய, ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்க்கும் ‘நூலகம்’ நிறுவனத்தைக் கேட்டுப் பாருங்கள். மண்ணிலிருந்து எடுத்த பொருள் ஏதாவது இருந்தால் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டிய கடமை சட்டப்படி உண்டு. அதைத் தெரிந்துகொண்டே பட்டியல் போடுங்கள்.

பெட்டிகள் ஒருவர் தூக்கும் எடையைத் தாண்டக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் உள்ள திம்புக்துவில் 2012இல் ஆயுதக் குழுக்கள் நகரைப் பிடித்தபோது, ஆயிரக்கணக்கான சுவடிகள் தகரப் பெட்டிகளில் வண்டியிலும் படகிலும் ரகசியமாகத் தலைநகர் பமாகோ போய்ச் சேர்ந்தன. தூக்க முடிந்ததால் தப்பின. பாலைவனத்து வறட்சியில் இருந்தவை பமாகோவின் ஈரக் காற்றில் மாட்டிக்கொண்டது அடுத்த தலைவலி. அதனால் எந்தப் பெட்டி முதலில் போகும் என்பதோடு, எந்த அறைக்குப் போகும் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

சுவடி நனைந்தால் வெயிலில் போடாதீர்கள். நிழலில் ஓலைகளை மெதுவாகப் பிரித்து, இடையில் உறிஞ்சுதாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும். காசைப் புளி போட்டு விளக்க ஆசைப்படும் ஆள் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வெளிர்ப் பச்சைத் தூள் உதிரும் காசு கண்ணில் பட்டால், அதை மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்றிவிட்டு உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.